ஆறாவது படத்தின் நீலம்

காலை ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். கண்ணாடிக்குக் கீழே இருந்த நீளப் பெட்டியைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். கம்ப்யூட்டரைப் போட்டான். திரை சூடாகி ஒரு நிலைக்கு வர அரை மணி ஆகும். அதற்கு முன் நிறத்தில் கை வைக்கக் கூடாது. அந்த அரை மணியில் ரொட்டி வாட்டினான், தின்றான், தட்டைக் கழுவினான். பிறகு திரையின் நடுவில் அளவுக் கருவியைத் தொங்கவிட்டான். அது சிலந்தி மாதிரி ஒட்டிக்கொண்டு சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, எல்லாம் சரி என்றது.

ஐந்து மாதமாக இதே வரிசைதான். திரை தினமும் சரியாக இருந்தது. படம்தான் சரியில்லை.

அவன் மலை, ஏரி, வயல் என்று வெளிப்புறங்களைப் படமெடுப்பவன். அவன் மனைவி செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த பெட்டி அவளுடையது. அதில் குச்சி குச்சியாகப் பதினாறு பீங்கான் பற்கள், வெளுப்பிலிருந்து பழுப்புவரை, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருந்தன. புதுப் பல் வாயில் இருக்கும் மற்ற பற்களோடு ஒத்துப்போக வேண்டுமே, அதற்கான அளவு. கல்யாணமான மறுநாளே அவனை ஜன்னல் பக்கம் இழுத்துப் போய் வாயைத் திறக்கச் சொன்னாள். ஒரு குச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏ மூணு."

"நல்லதா, கெட்டதா?"

"பாதி உலகம் ஏ மூணுதான். பெருமைப்பட ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். நான்கு வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தான்.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை லேபில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையிலேயே சாய்ந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கடைசியா என்ன சொன்னா? மாமியாரும் கேட்டார். "அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னா அத்தை" என்றான். அவருக்கு அது போதுமாக இருந்தது. இப்போதும் போன் பண்ணும்போதெல்லாம் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அவனும் சொல்வான்.

விஷயத்துக்கு வருவோம். நகரத்துப் பெரிய நூலகம் தன் படிப்பறைச் சுவருக்கு ஆறு படம் கேட்டிருந்தது. ஒரே ஏரி, கேமராவும் ஒரே இடத்தில், ஆறு வெவ்வேறு மாதம். ஆறையும் இடைவெளி விடாமல் வரிசையாக மாட்டப்போகிறார்கள். "உங்க படத்துல ஒரு நீலம் இருக்கு தம்பி. அதைப் பாத்தா அறையில சத்தமே குறையுது" என்று சொல்லித்தான் நூலக அதிகாரியம்மா வேலையைக் கொடுத்தார். அந்த நீலத்தை ஊரில் பலரும் சொல்வார்கள். அவனுக்கும் உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

ஐந்து படம் அவள் இருந்தபோது எடுத்தது. ஆறாவதை அவள் போன பிறகு தனியாகப் போய் எடுத்தான். அதில் அந்த நீலம் இல்லை. ஏரி இருந்தது, மலை இருந்தது, வானம் பழுதில்லாமல் இருந்தது. சோறு வெந்திருக்கிறது, உப்பில்லை என்கிற மாதிரி.

அண்ணன் தன் ஃபர்னிச்சர் கம்பெனியில் ஓர் இடம் வைத்திருந்தான். சோபா, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் வெள்ளைத் துணி முன்னால் நிறுத்திப் படமெடுக்கிற வேலை. "திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடு, ஆள் காத்துக்கிட்டு நிக்குது" என்றிருந்தான். அவன் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான். ஆறாவது படம் ஒட்டவில்லை என்றால் கேமராவை விற்றுவிட்டுச் சோபாவுக்குப் போவது. கண் போனபிறகு ஏரிக்கரையில் நின்று என்ன செய்ய?

அன்று வியாழன். பிரிண்ட் கடைக்குப் போனான்.

கடைக்காரன் கல்லூரியில் கூடப் படித்தவன். எதையும் மில்லிமீட்டரில் சொல்வதால் மில்லி என்று பெயர். கடைச் சுவரெல்லாம் சாம்பல் நிறம், சட்டையும் சாம்பல். நிறம் பார்க்கிற இடத்தில் வேறு நிறம் கூடாது என்பான். பெரிய மேசையில் ஐந்து படங்களையும் வரிசையாக வைத்து, ஓரத்தில் ஆறாவதை வைத்திருந்தான். நான்காவது முயற்சி அது.

"பாரு. அஞ்சு பேரும் ஒரே வீடு. ஆறாவது ஆளு பக்கத்து வீட்டுலேர்ந்து சக்கரை கேக்க வந்த மாதிரி நிக்குது."

"நீலத்தைக் கொஞ்சம் ஏத்திப் பாத்தேன்."

"தெரியுது. தண்ணி சரியாச்சு, புல்லு செத்துப்போச்சு. கிட்ட வருது, ஒட்ட மாட்டேங்குது."

"என் கண்ணு போச்சு மில்லி."

மில்லி அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தான். உள்ளே எண்பத்தைந்து சின்ன மூடிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். பக்கத்துப் பக்கத்து மூடிகளுக்கு நடுவே வித்தியாசம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். எல்லாவற்றையும் மேசையில் கொட்டிக் கலைத்தான்.

"வரிசையா அடுக்கு."

"எதுக்கு?"

"கண்ணு போச்சுன்னியே. எங்க போச்சுன்னு பாக்கலாம்."

இருபது நிமிடம் அடுக்கினான். மில்லி மூடிகளைத் திருப்பி, அடியில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே போனான்.

"ரெண்டு தப்பு. போன மாசம் எனக்கு நாலு." பெட்டியை மூடினான். "கண்ணு இருக்குடா. நீ வேற எதையோ தொலைச்சிருக்க. கார்டு படமெல்லாம் எங்க?"

கேமரா நிறத்தைத் தன் போக்கில்தான் பார்க்கும். அதைத் திருத்தத்தான் கார்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை, அதில் இருபத்துநான்கு நிறக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் உண்மையான நிறமும் ஏற்கெனவே தெரியும். ஏரியை எடுப்பதற்கு முன், அதே வெளிச்சத்தில் கார்டை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வான். கேமரா பார்த்தது எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் ஒரு திருத்தப் பட்டியல் எழுதும். அதற்குப் பெயர் ப்ரொஃபைல். அந்தப் பட்டியலை ஏரிப் படத்தின்மேல் போட்டால் நிறம் நிஜத்துக்கு வரும். கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். நான்கு வருடமாக அவள்தான் நின்றாள்.

அந்தப் படங்களை ஐந்து மாதமாக அவன் திறக்கவில்லை.

"ஹார்ட் டிஸ்க்ல இருக்கு" என்றான்.

"அதான் எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றான். எதிர்க்கடையில் ஒருவர் ஏணி போட்டு விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் மாற்றி முடித்து, ஏணியை மடிக்கும்வரை பார்த்தான்.

"உள்ள வா" என்றான் மில்லி. "வந்து பாத்தாதான் ஆகும்."

திரையில் அவள் நின்றாள். செம்மஞ்சள் மழைக்கோட்டு, பின்னால் ஏரி. கார்டை இடுப்புக்குக் கீழே, உடம்பிலிருந்து தள்ளி, மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்திருந்தாள். 'கார்டு வானத்தைப் பாக்கணும்' என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏரிக்கரைக் காற்றுக்கு அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொள்வாள். நான்கு வருடமும் அவன் இந்தப் படங்களைத் திறந்த உடனே கார்டைப் பெரிதாக்கி, கட்டங்களைக் குறித்து, மூடிவிடுவான். முகத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தான். ஒன்றில் கொட்டாவி விட்டாள். ஒன்றில் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றில் கண்ணை மூடி வெயில் காய்ந்தாள்.

"கார்டைப் பாரு" என்றான் மில்லி, மெதுவாக. "தலைகீழா புடிச்சிருக்கா."

ஆமாம். சாம்பல் கட்டங்கள் இருக்கிற வரிசை கீழே வர வேண்டும். அவள் கையில் அது மேலே இருந்தது. அடுத்த படத்தைப் போட்டார்கள். தலைகீழ். அதற்கடுத்தது. தலைகீழ். மூலைகளைக் குறித்துக் காட்டினால் கம்ப்யூட்டருக்கு எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான் என்பதால் அவன் கவனித்ததே இல்லை.

"அதனால என்ன?" என்றான்.

"சாம்பல்னா சாம்பலா இருக்கணும். இந்தக் கட்டத்தைப் பெருசாக்கறேன், பாரு. மேல் விளிம்பு சிவந்திருக்கு. கீழ வர வரக் குறையுது. வானத்துலேர்ந்து வந்த வெளிச்சம் இப்படி ஏறி இறங்காது. பக்கத்துலேர்ந்து ஏதோ அடிக்குது."

இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைப் பார்த்தார்கள்.

கார்டு சாய்ந்திருந்தது. மேல் விளிம்பு அவள் உடம்புப் பக்கம். அங்கேதான் சாம்பல் வரிசை. கோட்டின் செம்மஞ்சள் அதன்மேல் விழுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதை உலகத்து வெளிச்சமே அப்படித்தான் என்று நம்பி, செம்மஞ்சளைக் குறைத்து, முழுப் படத்தையும் நீலத்தின் பக்கம் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு முறையும். ஒவ்வொரு படத்திலும். இப்போதெல்லாம் அவன் கார்டை ஒரு ஸ்டாண்டில் மாட்டுகிறான். நேராக, ஒழுங்காக, பக்கத்தில் யாருமில்லாமல். அதனால் நிறம் சரியாக வருகிறது.

"அப்ப அந்த நீலம்..." என்றான்.

"தப்புடா. நாலு வருஷமா ஊரே பாராட்டின தப்பு." மில்லி நாற்காலியில் சாய்ந்தான். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த படத்துல நீலம் இல்லையேன்னு அப்பவே நெனச்சேன். அங்க ஏது மழைக்கோட்டு? உன்னைப் புகழ்ந்ததுல பாதியை அந்தக் கோட்டுக்குக் கொடுத்திருக்கணும்."

அவன் சிரித்தான். எப்போது கடைசியாகச் சிரித்தான் என்று அவனுக்கே நினைவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. லேபில் அவள் மேசைப் பக்கத்தில் ஒரு சாம்பல் துணி தொங்கும். பல் நிறம் பார்க்க வருகிறவர் பளிச்சென்று சட்டை போட்டிருந்தால், கழுத்திலிருந்து அதைப் போர்த்திவிட்டுத்தான் பார்ப்பாள். சட்டை நிறம் பல்லில் அடிக்கும் என்று அவனுக்கே ஒருமுறை விளக்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கா தன் கோட்டு தெரியாது? தெரிந்துதான் நின்றாளா? ஏரிக்கரைக்கு வந்தால் வேலையை மறந்துவிடுவாளா? கேட்க ஆளில்லை.

"சுலபமான வழி இருக்கு" என்றான் மில்லி. "பழைய அஞ்சையும் திருத்திடலாம். அரை மணி நேரம். ஆறும் ஒட்டிக்கும், நிறமும் நிஜமா இருக்கும்."

"வேண்டாம்."

"யாருக்கும் தெரியாதுடா."

"அஞ்சுலயும் அவ இருக்கா. ஆறாவதுலதான் இல்ல. அதைத்தான் திருத்தணும்."

மில்லி மூக்கைத் தடவிக்கொண்டான். "கோட்டு எங்க?" என்று மட்டும் கேட்டான்.

கோட்டு கொழுந்தியாளிடம் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு மாமியார் பால்கனிக் கொடியில் கிடந்த அதை எடுத்து மடித்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். சின்ன மகள் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வயது இருபத்துமூன்று ஆகியும் பெயர் மாறவில்லை. மாற அவளும் இடம் கொடுக்கவில்லை. அன்று மாலை போன் செய்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

"சுத்தி வளைக்காதீங்க அத்தான். கோட்டு வேணுமா, கோட்டோட ஆளும் வேணுமா?"

"ஆளும் வந்தா நல்லது. சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கெளம்பணும்."

"அக்காவை நாலு மணிக்கு எழுப்பி இழுத்துக்கிட்டுப் போவீங்களே, அது மாதிரி?"

"ஆமா."

"அவ என்கிட்ட உங்களை என்ன திட்டு திட்டுவா தெரியுமா? சரி, வரேன். டீ நீங்கதான் வாங்கித் தரணும்."

சனிக்கிழமை ஏரியில் காற்று பலமாக இருந்தது. கேமராவைப் பழைய பாறையின் பழைய கீறலில் நிறுத்தினான். வாலு கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு, கார்டைப் பரீட்சை ஹால் டிக்கெட் மாதிரி மார்புக்கு நேரே பிடித்து நின்றாள்.

"கீழ எறக்கு. இடுப்புக்குக் கீழ. தள்ளிப் புடி. வானத்தைப் பாக்கற மாதிரி சாய்."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்."

"அத்தான், கை வலிக்குது. அக்கா எப்படித்தான் நின்னாளோ."

எடுத்தான். பிறகு ஏரியை எடுத்து, இரண்டையும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். நீலம் பாதிதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. வாலு கார்டை ஒழுங்காகப் பிடித்திருந்தாள்.

"தலைகீழா புடி."

"தலைகீழாவா?"

"அக்கா அப்படித்தான் புடிப்பா."

"ஏன்?"

"தெரியல. நான் கேட்டதே இல்ல."

வாலு கார்டைத் திருப்பிப் பார்த்தாள். அதன் ஒரு பக்கத்து விளிம்பில் விரல் பிடிக்கத் தோதாகச் சின்னப் பள்ளம் இருந்தது. "இந்தப் பக்கம் கைக்கு வாகா இருக்கு அத்தான். அவ்வளவுதான். நீங்க பெருசா யோசிக்காதீங்க."

இரண்டாவது படம் எடுத்தான். போட்டுப் பார்த்தான். தண்ணீர் வந்தது. மலை வந்தது. புல் சாகவில்லை. அவன் லேப்டாப்பின் முன்னால் குந்தியபடி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வாலு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ரொம்ப தேங்க்ஸ்மா."

"எனக்கு எதுக்கு. கோட்டுக்குச் சொல்லுங்க."

அவன் அவள் போட்டிருந்த கோட்டின் கைமடிப்பைத் தொட்டான். உண்மையிலேயே சொன்னான், வாய்க்குள். வாலு கேட்காதது மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டாள். பிறகு இருவரும் டீ குடித்தார்கள். இரண்டு டீ, அவள் இரண்டாவதையும் அவன் கணக்கிலேயே குடித்தாள்.

திரும்பும் வழியில் அண்ணனுக்கு போன் செய்தான். "சோபாவுக்கு வேற ஆளைப் பாருண்ணே. கோச்சுக்காத." அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "படம் சரியாயிடுச்சா?" என்று கேட்டான். இத்தனை பேர் இத்தனை மாதமாகத் தன்னைச் சுற்றி நின்றிருக்கிறார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் பட்டது.

திங்கட்கிழமை மில்லி கடையில் ஆறாவது பிரிண்ட் உலர்ந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் வாலுவும் வந்திருந்தாள், அதே கோட்டில். மில்லி அவளைக் கதவுப் பக்கமே நிறுத்தினான். "மேசைகிட்ட வராதம்மா. அந்தக் கோட்டு பண்ணினதெல்லாம் போதும்."

ஆறையும் வரிசையாக வைத்தான். குனிந்தான், நிமிர்ந்தான், தள்ளி நின்று பார்த்தான்.

"ஒரே வீடு" என்றான். பிறகு, "ஆனா ஒரு மயிரிழை குறையுது. மத்த அஞ்சு அளவுக்கு நீலமில்ல. வேற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுது."

"எனக்கும் தெரியுது" என்றான் அவன். "விட்டுடு. அப்படியே இருக்கட்டும்."

நூலகம் கொடுத்த படிவத்தில் 'உதவி' என்று ஒரு வரி காலியாக இருந்தது. 'கார்டு பிடித்தவர்கள்: அக்கா, தங்கை' என்று எழுதினான். மில்லி எட்டிப் படித்துவிட்டு, பிரிண்டுகளுக்கு நடுவே மெல்லிய தாள் வைத்துச் சுருட்டத் தொடங்கினான்.

"ஏன் குறையுது?" என்று வாலு வாசலிலிருந்தே கேட்டாள். "நான் சரியாப் புடிக்கலையா?"

"நீ சரியாத்தான் புடிச்ச. கோட்டைப் பாரு" என்றான் அவன்.

அவள் குனிந்து பார்த்தாள். இடது தோளும் மார்புப் பக்கமும் மற்ற இடத்தைவிட வெளுத்திருந்தன.

"நான் பழசுன்னு நெனச்சேன்."

"பழசு இல்ல. பால்கனியில பதினோரு நாள் கெடந்துச்சு. நான் எடுக்கல."

"அதைத்தான் அம்மா எடுத்துக்கிட்டு வந்தாங்களா?"

"ம்."

வாலு வெளுத்த இடத்தைத் தடவினாள். "அத்தான், ஒண்ணு கேக்கட்டுமா? அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னான்னு சொன்னீங்களே. அக்கா அப்படியெல்லாம் பேசற ஆளா?"

மில்லியின் கை தாளில் நின்றது.

"இல்ல" என்றான் அவன். "அத்தைக்கு ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

"அப்ப நிஜமா என்ன சொன்னா?"

அவன் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையை நினைத்தான். அவள் கதவுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள் என்றாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மழைக்கோட்டுதானே, மழையில் நனைந்தால் என்ன என்றான். அதற்கு அவள் சொன்னாள். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததை, அவள் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"மழை வந்தா கெடக்கட்டும், ஏ மூணு. வெயில் வந்தா எடுத்து உள்ள வை. சாயம் போயிடும்."